நாலு மில்லிமீட்டர்

“இன்னும் எத்தனை தடவைங்க இறக்குவீங்க? கப்பல்காரர் பேனா மூடியைக் கழட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கார்!”

இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் மேனேஜர் அலறினார்.

ஐந்து மாடி உயர எண்ணெய் டேங்கின் தலையில் குப்புறப் படுத்திருந்தார், எல்லோரும் ‘சாக்பீஸ்’ என்று கூப்பிடும் அளவுக்காரர். மூன்றாவது தடவையாக எஃகு டேப்பைத் திறப்பின் வழியே உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். டேப் நுனியில் தொங்கிய பித்தளைக் குண்டு டேங்கின் தரையைத் தொட்டு ‘டொக்’ என்றது. மூச்சை அடக்கிக்கொண்டு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல மேலே இழுத்தார். எண்ணெய் நனைத்திருந்த கோட்டில் மூக்கு இடிக்கக் கண்ணை வைத்தார்.

7466 மில்லிமீட்டர். முதல் தடவையும் அதுதான், இரண்டாவது தடவையும் அதுதான்.

“இன்னிக்கு மாட்டினான் பயல்!” என்று டேங்கிடம் சொன்னார்.

கீழே இறங்கியதும் காதிலிருந்த சாக்பீஸை எடுத்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் டேங்கின் வயிற்றில் 7466 என்று அச்சுக் கோத்ததுபோல் எழுதினார். எதிரே பம்ப் ரூமில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்காகப் பத்தொன்பது வருடமாக நடக்கும் பழக்கம். அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

குழாயடியில் சாம்பிள் எண்ணெய் எடுக்கும் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்த பாட்டில் அக்கா நிமிர்ந்தார். “என்ன தம்பி, தலையிலேயும் எண்ணெய் அளந்தீங்களா? வழியுது பாருங்க.”

சாக்பீஸ் துடைத்துக்கொண்டார். முகத்திலிருந்தது சட்டைக்குப் போயிற்று.

மாட்ட வேண்டிய ‘பயல்’ யாரென்றால், எட்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த புது அளவுக்காரன். கப்பல் பாமாயிலை இறக்கி முடித்ததும் இருவர் தனித்தனியே டேங்கை அளக்க வேண்டும். முதலில் சாக்பீஸ். அரை மணி நேரம் கழித்து அவன். இருவர் சீட்டும் ஒட்டிய உறையில் மேனேஜருக்குப் போகும். கப்பல் கொடுத்ததாகச் சொல்லும் கணக்கை டேங்க் உயரமாக மாற்றி, இரண்டோடும் அவர் ஒப்பிடுவார்.

சாக்பீஸின் அளவு மூன்று வருடமாக நாலு மில்லிமீட்டர் கூடவே இருந்தது. இது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த சங்கதி. புதியவனுடையதோ அச்சாகக் கப்பல் கணக்கு. மேனேஜர் அவனுக்கு ‘மில்லிமீட்டர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

அன்றும் உறையைப் பிரித்தார். “சாக்பீஸ், 7466. மில்லிமீட்டர், 7462. கப்பல்...” காகிதத்தை முத்தமிடாத குறை. “7462! என்ன கண்ணுய்யா உனக்கு!”

“எல்லாம் அண்ணன் காட்டின வழி சார்,” என்றான் மில்லிமீட்டர், சாக்பீஸைக் கும்பிட்டபடி. வெள்ளைச் சட்டை. இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

சாக்பீஸ் தன் சீட்டைப் பிடுங்கி நாலாக மடித்தார். கோபத்துக்குக் காரணம் இருந்தது. தலைமை அளவுக்காரர் பதவி காலியாக இருந்தது. அந்தப் பதவிக்கு வந்தால் டேங்க் ஏற வேண்டாம். ஏசி ரூம், சக்கரம் வைத்த நாற்காலி, நாற்காலிக்கு இரண்டு கை. சனிக்கிழமை அறிவிப்பு.

வீட்டில் மனைவி அவர் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

“ஏங்க, மில்லிமீட்டர் வீட்டம்மாவைக் கடையில பார்த்தேன். எட்டு மாசமா அவர் சட்டையில ஒரு பொட்டு எண்ணெய் இல்லையாம். போன மடிப்போட திரும்பி வர்றாராம்.”

“அவன் வேலைக்குப் போறானா, போட்டோ எடுத்துக்கப் போறானா?”

“கை சுத்தம்ங்கறாங்க.”

“அப்ப நான் என்ன எண்ணெயில குளிச்சுட்டா வர்றேன்?”

மனைவி சட்டையை முகர்ந்தாள். “கிட்டத்தட்ட.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நாற்காலி நமக்குத்தானே? என் தங்கச்சி அதுக்கு குஷனே தச்சு அனுப்பிட்டா. பூப்போட்டது.”

அன்று சாக்பீஸ் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிட்டார்.

மறுநாள் மதிய இடைவேளையில், கருவி அறையில் யாருமில்லாத சமயம் பார்த்து மில்லிமீட்டரின் பையைத் திறந்தார். டேப்பை வெளியே எடுத்துப் புரட்டினார். ஒரு கீறல் இல்லை. கடையிலிருந்து வந்த மெழுகுத்தாள்கூட அப்படியே சுற்றியிருந்தது.

“தாளைப் பிரிச்சு, அளந்து, துடைச்சு, மறுபடி சுத்தி வெக்கிறான்! மனுஷனா இவன்?”

தன் டேப்பை அதன் அருகில் வைத்துப் பார்த்தார். அவனுடைய பித்தளைக் குண்டு பென்சில் போலக் கூராக இருந்தது. இவருடையது பத்தொன்பது வருடம் டேங்க் தரையில் மோதி மோதி மழுங்கிக் கிடந்தது. தேய்ந்துபோன நீளத்தை அளந்தார். நாலு மில்லிமீட்டர்!

குண்டு குட்டையானால் டேப் அவ்வளவு கூடுதலாக உள்ளே போகும். அளவு கூடத்தான் காட்டும். ஆக, அவனுக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை. புது டேப்! அவ்வளவுதான் அவன் திறமை!

ஸ்டோரில் புது டேப் கேட்கலாம். கேட்டால், “மூணு வருஷமா தேய்ஞ்சதை வெச்சா அளந்தீங்க?” என்பார்கள். நாற்காலி தானாகவே உருண்டு அவனிடம் போய்விடும். சாக்பீஸ் இப்படியும் அப்படியும் பார்த்தார். தன் டேப்பை மெழுகுத்தாளில் சுற்றி அவன் பையில் வைத்தார். அவனுடையதைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்த கப்பலுக்கு, புது டேப் 8310 காட்டியது. டேங்கின் மேல் என்றுமில்லாத அழகோடு 8310 என்று எழுதினார். கடைசிச் சைபரின் தலையில் அலங்காரமாக ஒரு வளைவுகூடப் போட்டார்.

மேனேஜர் உறைகளைப் பிரித்தார். “மில்லிமீட்டர், 8306. சாக்பீஸ், 8310. கப்பல்... 8310.”

சாக்பீஸ் எகிறிக் குதிக்காதது தரை வழுக்கியதால்தான். “சார்! சரியா இருக்கு சார்!”

“என்ன சரி?” மேனேஜரின் முகம் வெளுத்தது. “நீங்க எப்பவும் நாலு கூட எழுதுறவரு. நீங்களே 8310னா, நிஜத்துல இருக்கிறது 8306. மில்லிமீட்டரும் அதான் சொல்றார். கப்பல் குடுத்தது 8310. நாலு மில்லின்னா ஒன்றரை டன்! ஒன்றரை டன் எண்ணெய் வழியில எங்கேயோ ஒழுகியிருக்கு!”

“சார், இந்தத் தடவை நான் சரியா...”

“இந்தத் தடவை மட்டும் எப்படிச் சரியா இருக்கும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் சாக்பீஸின் பையில் இருந்தது. பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

இரண்டு மணி நேரம், கப்பல் துறையிலிருந்து டேங்க் வரை குழாய் போகும் பள்ளத்தில் சாக்பீஸ் தவழ்ந்தார். ஒவ்வொரு குழாய் இணைப்பையும் தடவி, முகர்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு போனார். மேலே கரையில் வெள்ளைச் சட்டை டார்ச் பிடித்தபடி கூடவே நடந்தது.

“பார்த்துண்ணே, தலையை இடிச்சுக்காதீங்க.”

இடித்துக்கொண்டார். இடித்த இடத்தில் ஒரு யோசனை முளைத்தது. தேய்ந்த குண்டு இப்போது அவனிடம்தானே இருக்கிறது? அவனுக்கு அளவு நாலு கூட அல்லவா வந்திருக்க வேண்டும்? எப்படிக் குறைந்தது? கேட்டுவிடலாம்தான். கேட்டால், குண்டு தேய்ந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்பானே!

ஒழுகல் எங்கும் இல்லை. மேனேஜர் மேசையைத் தட்டினார்.

“இது சரிப்படாது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரும் என் கண் எதிர்ல ஒண்ணா மேல ஏறுங்க. ஒரே டேங்க், ஆளுக்கு ஒரு தடவை. யார் அளவு சரியோ அவருக்கு நாற்காலி. அவங்கவங்க டேப் நம்பரை ஸ்டோர் பதிவேட்டைப் பார்த்து டிக் பண்ணிட்டுத்தான் ஏத்துவேன்.”

மில்லிமீட்டர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சாக்பீஸ் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ‘டேப் நம்பர்’ என்ற இரண்டு சொல்லுக்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே, டேப்பைத் திருப்பி மாற்றிவிடலாமென்று ஓடி வந்தார். தோளில் பை. பைக்குள் மனைவி பிடிவாதமாகத் திணித்த பூப்போட்ட குஷன்.

மில்லிமீட்டர் ஏற்கெனவே டேங்கின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான், பையை நெஞ்சோடு கட்டிப் பிடித்தபடி.

“குடு தம்பி, நான் வெச்சுக்கறேன்.”

“வேணாம்ண்ணே. இதைப் பிடிச்சாத்தான் கை நிக்குது.”

“போய் ஒரு டீயாவது குடிச்சுட்டு வாயேன்.”

“மேல ஏறணுமேண்ணே. வயித்துல எதுவும் இருக்கக் கூடாது.”

வெறும் வயிற்றோடு அளக்கிறான்! என்ன கட்டுப்பாடு! சாக்பீஸுக்குக் காதில் புகை வந்தது.

பத்து மணிக்கு மேனேஜர் பதிவேட்டோடு வந்தார். “ம், டேப்பை எடுங்க ரெண்டு பேரும்.”

சாக்பீஸ் பைக்குள் கையை விட்டார். ஒரு பக்கம் திருட்டு டேப். மறுபக்கம் குஷன். திருடன் என்று பெயர் வாங்கி வீட்டுக்குப் போவதா, தோற்றவன் என்று போவதா?

“சார், போட்டியெல்லாம் எதுக்கு? நான் விலகிக்கறேன். தம்பிக்கே குடுத்துடுங்க. சின்ன வயசு, நல்லா இருக்கட்டும்.”

மேனேஜர் கண் கலங்கிப் பதிவேட்டை மூடினார். “பெரிய மனசுங்க உங்களுக்கு!”

மில்லிமீட்டர் பாய்ந்து வந்து சாக்பீஸைக் கட்டிக்கொண்டு தேம்பினான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் வெள்ளைச் சட்டையில் எண்ணெய்க் கறை பட்டது. “என் உயிரைக் காப்பாத்திட்டீங்கண்ணே!”

“ஒரு நாற்காலிக்கு இவ்வளவு நடிப்பா!” என்று சாக்பீஸ் பல்லுக்குள் முனகினார்.

எல்லோரும் ஏசி ரூம் பக்கம் போனார்கள். சாக்பீஸ் மட்டும் கீழ்ப்படியில் குஷனைப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். குஷன் மெத்தென்றுதான் இருந்தது.

குழாயடியில் பாட்டில் அக்கா கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

“நல்ல காரியம் பண்ணினீங்க தம்பி. அவரு கஷ்டம் தெரிஞ்சுதானே விட்டுக் குடுத்தீங்க?”

“அவனுக்கு என்னக்கா கஷ்டம்?”

“என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்கறீங்க? வந்த முதல் நாளே ஏழாவது படியில தலை சுத்தி உக்காந்தவரு, அன்னியிலேருந்து ஒரு நாளாவது மேல ஏறியிருக்காரா? நீங்க எழுதிப் போடுற நம்பர்ல நாலைக் கழிச்சுத்தானே இத்தனை மாசமும் சீட்டு எழுதுறாரு!”