டீப்பாய்க் கண்ணாடி மேல் ஒரு என்ஜின் தலை

"ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரன் வர்றான். குட்டியானை வண்டி எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்" என்றாள் சந்திரகலா. கேஸ் சிலிண்டர் வருகிறது என்று சொல்வாளே, அதே குரல்.

அரிகிருஷ்ணன் பிட்ட இட்லியோடு அப்படியே இருந்தான். புதுச்சேரி மேட்டுப்பாளையத்து பிளாஸ்டிக் கம்பெனியில் ராத்திரி முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவனுக்குக் காலையில் இப்படி ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொள்ள வைப்பது அவள் வழக்கம்.

"எதுக்கு?"

"வாசல்ல நிக்குதே, அத எடை போட."

வாசலில் நின்றது பழைய பியட் கார். முன்பு வேலை பார்த்த மில்லை மூடியபோது கைக்கு வந்த காசில் ஊரெல்லாம் மனை வாங்கியது. அவன் காரை வாங்கினான். அதையும் சந்திரகலா பேரில் வாங்கினான். அப்போது அது பெரிய அன்பு மாதிரி இருந்தது. அதில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். மூலக்குளத்தில் அந்த வாடகை வீட்டில் அப்படி ஓர் இடம் அவனுக்கு வேறு கிடையாது. குளியலறைக்கே தாழ்ப்பாள் விழாது.

போன மாதம் ஒருநாள் காலை, ஷிஃப்ட் முடிந்து ஓட்டி வந்தவனுக்குக் கண் சொக்கிவிட்டது. விழித்தபோது இளநீர்க் கடைக்குள் இருந்தான். மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. இளநீர் மட்டும் ரோடெல்லாம் உருண்டது. ரேடியேட்டர் ஒழுக ஒழுக, தண்ணீரில்லாமல் வீடுவரை ஓட்டி வந்ததில் என்ஜின் கொதித்து, அதன் மேல்மூடி, மெக்கானிக்குகள் 'ஹெட்' என்பார்களே, அந்தத் தலை வளைந்துபோனது. "பிரேக் புடிக்கல" என்று வீட்டில் சொன்னான்.

"அப்பிடியா" என்றாள் சந்திரகலா. அவள் ஒரே சொல்லோடு நிறுத்தினால் உஷாராகிவிட வேண்டும். அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை.

"தலைதான வளைஞ்சிருக்கு. மட்டம் பண்ணி மாட்டுனா ஓடும்" என்றான் இப்போது.

"லேத்துப் பட்டறைக்கு அழ என்னால ஆவாது."

"நானே பண்றேன்."

"நீங்களா? போன தீபாவளிக்கு மிக்ஸிய சரி பண்ணீங்க. இன்னிய வரைக்கும் நாலு வீடு தள்ளிப் போயி சட்னி அரைக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட வெக்கிறேன். ஓடிச்சுன்னா?"

"ஓடிச்சுன்னா காயலான் கடைக்காரன் நம்ம வாசப்படி மிதிக்க மாட்டான். எங்கம்மா மேல சத்தியம்."

மாமியார் மேல் சத்தியம் என்றதும் அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்த அம்மாள் மேல் பொய்ச்சத்தியம் செய்கிற துணிச்சல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

வளைந்த தலையை நேராக்கத் துளியும் வளையாத ஒரு பரப்பு வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினான். சமையல் மேடையில் ஸ்கேலை நிறுத்தினால் அடியில் ஓர் எறும்பு தலை நிமிர்ந்து போனது. மாமனார் கொடுத்த பீரோக் கதவுக்கு மாமனாரைப் போலவே தொப்பை. தரையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். பால் கொட்டினால் தானாகவே தெருவுக்குப் போய்விடும். இத்தனை வருஷம் இப்படி ஒரு வீட்டில்தான் நேராக வாழ முயன்றோமா என்று அவனுக்குத் துக்கமாக இருந்தது.

அப்போது சந்திரகலா டீப்பாயின் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அண்ணன் சீராகக் கொடுத்தது. விரற்கடை தடிமன். அதன் மேல் ஒரு டம்ளர் வைக்க இதுவரை யாருக்கும் உத்தரவு கிடையாது.

"இந்தாங்க. இதுல தேய்ங்க."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மனைவி மனம் மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

வேலை தொடங்கியது. கண்ணாடி மேல் எமரித்தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் தெளித்து, தலையின் அடிப்பக்கம் முழுக்க மார்க்கரால் கட்டம் போட்டு, குப்புறக் கவிழ்த்து, எட்டுப் போட்டுத் தேய்க்க வேண்டும். மேடான இடத்தில் கோடு அழியும். பள்ளத்தில் கோடு நிற்கும். எல்லாக் கோடும் அழிந்தால் மட்டம். சொல்லும்போது சுலபம். தூங்க வேண்டிய பகலெல்லாம் தேய்த்தான். நடுவில் ஒரு தீவு மாதிரிக் கோடுகள் அப்படியே நின்றன. ஒரு மத்தியானம் தேய்த்தபடியே தூங்கிப்போனான். கை மட்டும் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா தம்பி, லைசென்ஸ் டெஸ்டா? கண்ண மூடிகினு எட்டுப் போடுற."

பக்கத்து வீட்டு சொல்தா சாமிக்கண்ணு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர். தினமும் நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஹெட்டு பெண்டுண்ணே. அத எடுக்கிறேன்."

"போன், போன்" என்றார். பிரெஞ்சில் நல்லது என்று அர்த்தம். "நடுவுல கோடு இன்னும் நிக்குதே."

"அது போயிடும்."

"போவட்டும். தலைக்கு அடியில வெக்கிற கேஸ்கெட்டு புதுசு தான போடுவ? பழசையே ஒட்டிடாத."

"உங்களுக்கு எதுக்குண்ணே அந்தக் கவல?"

"சும்மா கேட்டேன் தம்பி."

சந்திரகலா இரண்டு பேருக்கும் காபி கொண்டு வந்தாள். எமரித்தாள் தீர்ந்தபோது அவளே கடைக்குப் போனாள். புது கேஸ்கெட்டுக்குக் காசும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிப் பக்கத்தில் வந்து நின்றதில்லை. உலகத்தில் நமக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்து, கரிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மண்ணெண்ணெய் எரிந்தது.

சனிக்கிழமை கடைசிக் கோடும் அழிந்தது. ஸ்கேலை வைத்தான். அடியில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. தலையில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. நாற்பத்தாறு வயதில் அவன் நேராக்கிய முதல் பொருள் அது.

ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டர் ஓட்டைக்கு ஈயம் வைத்து, தலையை மாட்டி, போல்ட்டுகளை முறுக்கி, சாவியைத் திருப்பினான். இருமியது. மறுபடி திருப்பினான். பிடித்துக்கொண்டது. புகையில்லை, கொதிப்பில்லை. சீராக ஓடியது.

சந்திரகலா கற்பூரமும் நாலு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்தாள். திருஷ்டி கழிக்கிறாள், நம் திறமைக்குத்தான் என்று அவன் ஒதுங்கி நின்றான். சக்கரங்களுக்கு அடியில் அவள் பழம் வைத்தாள். சொல்தாவின் மருமகன் அருள்முருகன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, நேராக டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"தம்பி ஏன் உள்ள உக்காந்திருக்கு?"

"வாங்கினவரு உக்காராம?" என்றாள் சந்திரகலா.

"காயலான் கடைக்காரன்?"

"அவன் யாரு, எனக்கெப்பிடித் தெரியும்? இவுங்க ஓடுற வண்டிதான் வேணும்னாங்க. விக்கிறதுக்கு ஓட வெய்ங்கன்னா நீங்க தொடுவீங்களா?"

அரிகிருஷ்ணன் சொல்தாவைப் பார்த்தான். அவர் ஆகாயத்தைப் பார்த்தார். கடைசி ஆயுதமாக ஜன்னலில் குனிந்து சொன்னான்:

"தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். இதுல பிரேக்கு புடிக்காது. போன மாசம்கூட..."

"பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்க எடுங்க தம்பி" என்றாள் சந்திரகலா. "இவரு கண்ண மூடிகினே உள்ள வந்தாருன்னு இளநீர்க் கடைக்காரரு அன்னிக்கே வந்து சொல்லிட்டாரு."

பழங்கள் நசுங்கின. கார் தெருமுனையில் திரும்பியது. நன்றாகவே திரும்பியது.

"இத்தினி நாளு யாரு பின்னாடியாவது பைக்குல தொத்திகினு போனேன். இனிமே நான் எப்பிடி வேலைக்குப் போறது?" என்றான்.

"கம்பெனி பஸ்ல போங்க. எவ்ளோ வேணும்னாலும் தூங்குங்க. ஓட்டுறவன் முழிச்சிருப்பான்."