நாற்காலிக்கும் கல்லீரல் நோய்

ரத்தப் பரிசோதனைக் கூடம் முடிவு சொல்ல ஏழு நாள் கேட்டது. அதன் எதிர்க்கடையில் அமர்ந்திருந்த பாத வைத்தியரோ இருபது நிமிடம்தான் கேட்டார். பிறகு கூட்டத்துக்குக் கேட்பானேன்! வரிசை படிக்கட்டையும் தாண்டித் தெருவில் நின்றது.

உள்ளே ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புநீர், நீருக்குள் மின்சாரம் பாயும் இரண்டு இரும்புத் தகடுகள். நோயாளி கால்களை நனைப்பார், தண்ணீர் செம்பழுப்பாகும். "பாத்தீங்களா, உங்க கல்லீரல் அழுக்கு!" என்பார் வைத்தியர். தம்முள் இத்தனை அழுக்கா என்று மக்கள் பெருமிதமே கொண்டனர். பக்கத்தவரின் தொட்டியை எட்டிப் பார்த்து, "உங்களுது கொஞ்சம் வெளுப்புதாங்க" என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு.

அவ்வரிசையில் பேருந்து ஓட்டுநர் ஒருவரும் சேர்ந்தார். அவருக்கு ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் நோய். ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்பதைக் காட்டும் இரண்டாம் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தார். அது வந்ததும் மூன்று மாதம் மாத்திரை; பெரும்பாலோருக்கு முழுக் குணம். பாத வைத்தியரோ, தொட்டியில் கால் வைத்தவர் மாத்திரையைத் தொடவே கூடாது என்று நிபந்தனை விதித்திருந்தார்.

"நாலு தடவை வச்சாச்சு. இன்னிக்கு அஞ்சு. இனி ரிசல்ட்டும் வேணாம், மாத்திரையும் வேணாம்," என்றார் ஓட்டுநர், உடன் வந்த மனைவியிடம்.

மனைவி சலவை நிலையத்தில் கறை நீக்குபவர். ஐந்தாம் முறையும் நனைத்தெழுந்து கணவர் கால் துடைத்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏங்க, இது துருக்கறை. எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சா போயிடும். கல்லீரல்ல இரும்புக்கடையா வச்சிருக்கீங்க?"

"சும்மா இரும்மா, மானத்தை வாங்காத!"

சும்மா இருக்கும் வகையினர் அல்லர் அவர். "ஐயா, புதுசா உப்புத்தண்ணி ஊத்துங்க. கால் நாங்க தர்றோம்," என்றவர், ஊற்றியதும் வைத்தியர் தடுக்குமுன் அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு கால்களைத் தொட்டிக்குள் இறக்கி, விசையைத் தட்டினார். சிறிது நேரத்தில் அதே செம்பழுப்பு.

"அடேங்கப்பா! நாற்காலிக்கு முத்திப்போச்சே!" என்றது வரிசை.

"அதுல உக்காந்தவங்க நோய் அதுக்கு ஒட்டியிருக்கும்," என்றார் வைத்தியர், சளைக்காமல்.

"அப்படியா?" நாற்காலி வெளியேறியது, மீண்டும் புது உப்புநீர், இம்முறை தொட்டிக்குள் எவர் காலும் இல்லை. தண்ணீர் வெட்கமின்றிச் சிவந்தது.

"இப்ப யாருக்குங்க நோய், தண்ணிக்கா?"

வைத்தியருக்கு அவசர வேலை நினைவுக்கு வந்தது. பின்வாசலும் அருகிலேயே இருந்தது.

ஏழாம் நாள் முடிவு வந்தது. ஐந்து முறை கால் அலம்பப்பட்ட செய்தியே தெரியாமல் கிருமி உள்ளே சுகமாக இருந்தது. ஓட்டுநர் மறுபேச்சின்றி முதல் மாத்திரையை விழுங்கினார்.

"காலாவது சுத்தமாச்சே, விடுங்க," என்றார் மனைவி.

மதிப்பிற்குரிய மக்களே, செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னால் கழற்றுங்கள். கூடவே மூளையையும் கழற்றி வைக்குமாறு எவரும் உங்களைக் கேட்கவில்லை!