டைமிங் அண்ணனும் மூளைப் பெட்டிக் காரும்

வண்டிப்பெரியாரில் டைமிங் அண்ணனிடமிருந்து தப்பிய பெட்ரோல் வண்டி ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் எஸ்டேட்டின் மெக்கானிக் அவர். சொந்தப் பெயர் என்னவென்று ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த எனக்கே சட்டென்று நினைவுக்கு வராது.

பெட்ரோல் எரிய எந்தக் கணத்தில் பொறி விழ வேண்டுமோ, அதைப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிசெய்வதுதான் டைமிங். உலகத்து வண்டிகள் எல்லாவற்றிலும் அது மயிரிழை தவறியிருக்கிறது என்பது அண்ணனின் கட்சி. டாக்சி டிரைவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் பானெட் திறந்திருக்கும். "பொறி முந்துது வே, ஒமக்குக் காது கேக்கலையா?" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போதே வெளியே அண்ணன் கையில் பாதிரியாரின் ஜீப் உறுமியது. பாதிரியார் பதறிப்போய்ப் பிரசங்கத்தைப் பாதியில் முடித்தார். வெளியே வந்த சபை அண்ணனை நன்றியோடு பார்த்தது.

எழுபதுகளின் கடைசியில் புது மேனேஜர் வெளிநாட்டுக் கார் ஒன்றோடு வந்தார். அதில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டர் இல்லை. சீட்டுக்கடியில் இருந்த ஒரு பெட்டிதான் பெட்ரோலை அளந்து விட்டது. மலையேறிக் காற்று மெலிந்தால் குறைக்கும். இஞ்சின் குளிர்ந்திருந்தால் கூட்டும். மேனேஜர் இதைத் தினமும் ஆபீஸில் சொல்வார். அண்ணன் அந்தக் காரைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வார்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏ தாயி, இஞ்சினுக்குக் குளுருதுன்னு பெட்டிக்கு ஆரு சொல்லுதா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு ஒயர் போய்ச் சொல்லுதாம் அண்ணே."

"அந்த ஒயர் பொய் சொன்னா?"



அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்குப் பீர்மேட்டில் கல்யாணம். மேனேஜர் நல்ல மனிதர். பெண்ணை ஏற்றிப்போகக் காரைத் தானே ஓட்டிவந்து அண்ணன் குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். பெண் கிளம்புவதற்குள் காபி குடிக்க அவர் உள்ளே போனார். இஞ்சின் பூனைபோல ஓடிக்கொண்டிருந்தது. பட்டு வேட்டியோடு அண்ணன் பானெட்டைத் திறந்தார். அந்த ஒயரைப் பிடுங்கினார்.

சூட்டைச் சொல்ல ஆளில்லாமல் போனதும், இஞ்சின் உறைந்துபோய்விட்டதென்று பெட்டி நினைத்துக்கொண்டது. பெட்ரோலை அள்ளி ஊற்றியது. கரும்புகை எழும்பியது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்திருந்த அத்தை இருமியபடி ஓடினாள். இஞ்சின் பெட்ரோலில் மூழ்கி நின்றது. ஒயரைத் திரும்பச் செருகியும் அசையவில்லை.

வெள்ளைப் பட்டுடுத்திய ஸ்டெல்லா தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியில் ஏறினாள். "அப்பா, வாங்க" என்றாள்.

"நீ போ தாயி. பிளக்கைக் காயவச்சுட்டுப் பின்னாலயே வந்திருதேன். ஒன்னைய இந்தக் கார்லதான் மாப்ள வீட்டுக்கு அனுப்புவேன்."

கோயிலில் பாதிரியார் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் தாய்மாமன்தான் கைப்பிடித்துக் கொடுத்தார். ஸ்டெல்லா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வெளியே வரும்போது கார் வந்து நின்றது. அருமையாக ஓடியது. வேட்டியெல்லாம் கிரீஸோடு இறங்கிய அண்ணன், மகளின் கழுத்துத் தாலியைப் பார்த்தார். அப்புறம் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார். ஸ்டெல்லா ஏறிக்கொண்டாள். அன்றைக்கு அழுதது அவர்தான்.

பிறகு ஒருநாள் கம்பத்துக்குப் போகும் ஜீப்பில் அவரைப் பார்த்தேன். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மலைப்பாதையில் இஞ்சின் டக்டக்கென்று அடித்தது. டிரைவரே ஓரங்கட்டி, "அண்ணாச்சி, செத்த பாக்குதீயளா?" என்றார்.

"மக காத்திருப்பா. ஓட்டும் வே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கும் அன்று அவசர வேலைதான். ஆனாலும் அவர் இறங்கி அந்தப் பானெட்டைத் திறந்திருந்தால், எவ்வளவு நேரமானாலும் சாலையோரத்தில் நின்றிருப்பேன்.