மூன்று பள்ளிக்கூடமும் ஒரு தாம்பாளமும்

சங்கரன்கோவில்,
ஆனி மூன்றாம் தேதி.

மரியாதைக்குரிய அண்ணன் சுயம்புலிங்கம் அவர்களுக்குத் தங்கை கோமதியம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே அம்மன் கருணையால் என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சௌகரியம். அங்கே கோயம்புத்தூரில் உங்கள் சர்க்கரையும் மதினியின் கோபமும் மட்டாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான். உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று மதினி ஸ்பீக்கரில் போட்டுவிடுவதால் நம் வீட்டுச் சங்கதி மூன்று மாடிக்கும் தெரிந்துபோகிறது. அதனால்தான் கடிதம்.

முதலில் பிள்ளைகள் விவரம். மூத்த மகளின் மகன் இசக்கிராஜா பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கம்பெனியே பஸ் அனுப்பி அவனைக் கூட்டிப்போகிறது. அவன் தங்கை முத்துமாரி நர்சிங் இரண்டாம் வருடம். அவள் ஊசி போட்டால் வலிப்பதே இல்லையாம், போட்டுக்கொண்டவர்கள் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். சின்னவன் காசி மாவட்டக் கபடியில் கோப்பை வாங்கி வந்தான். பெரிய கோப்பை, அதில் இப்போது கரண்டிகள் நிற்கின்றன. என் மகன் துரைப்பாண்டியின் பெண் அனு, பதினாறாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லுவாள். ஐந்து வருடமும் ஒருநாள் லீவு போடாததற்குச் சான்றிதழ் வாங்கி, இப்போது ஐந்தாம் வகுப்பை முடித்து நிற்கிறாள்.

அங்கேதான் சிக்கல் வந்தது அண்ணா. அவள் பள்ளிக்கூடம் ஐந்தோடு சரி. ஆறாம் வகுப்புக்கு எங்கே என்று ஒரு வாரம் வீட்டில் பேச்சு. மருமகள் சுமதி, கம்ப்யூட்டர் ரூம் உள்ள பள்ளிதான் வேண்டும் என்றாள். துரைப்பாண்டி தறியிலிருந்து வந்து தலையில் இருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, "பக்கத்துத் தெருவுலயே போடுவோம்மா. எட்டு வரைக்கும் இருக்குல்லா. அதுக்கு மேல அப்பொறம் பாத்துக்கிடலாம்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் அப்பா என்னைப் பற்றிச் சொன்னதும் இதே வார்த்தைதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, உங்களை ஆறில் சேர்க்க அப்பா சைக்கிளில் உட்காரவைத்து ஒருநாள் சங்கரன்கோவிலுக்கும் மறுநாள் குருவிகுளத்துக்கும் போய்ப் பள்ளிக்கூடம் பார்த்தார். நான் பாலம் வரை பின்னாலேயே ஓடி வந்தேன். இங்கே மணி வெண்கலம், அங்கே மணி தண்டவாளத் துண்டு, இங்கே பெஞ்சு, அங்கே மணைப்பலகை என்று நீங்கள் வந்து சொன்னதை வாய் பிளந்து கேட்டேன். எனக்கு அந்த முறை வந்தபோது சைக்கிள் வெளியே எடுக்கப்படவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் நான் மறு வருடமும் போய் ஐந்தாம் வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டேன். வாத்தியாரும் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட்டார். ஊரில் பலர் நான் பெயிலானதாக இன்றைக்கும் நினைக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை பாஸானவள். அந்த வருடம் சாக்பீஸ் டப்பா என் பொறுப்பு. அதன் வாசனைக்கு இணையாக இன்னொன்றை நான் முகர்ந்ததில்லை. அதற்கு மேல் படித்ததெல்லாம் நீங்கள் தூக்கிப்போட்ட புத்தகங்களில்தான். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆகவே நானே போய்ப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த விசாரணை ஒன்றே ஒன்று, மாப்பிள்ளை வீடு விசாரிப்பது. நம் சொந்தத்தில் ஏழு கல்யாணம் நான் விசாரித்து முடித்தது, ஏழும் இன்றுவரை நிலைத்து நிற்கிறது. சொல்லாமல் போக வேண்டும், ஒற்றைப்படையாகப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது, மனசுக்குப் பிடிக்கும்வரை அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. பக்கத்து வீட்டு மகபூப் பீவியையும் பூக்கட்டும் இசக்கிசெல்வியையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, பூ வைத்துப் புறப்பட்டேன்.

பக்கத்துத் தெருப் பள்ளியில் சுவரெல்லாம் புது வர்ணம். கொல்லையைப் பார்க்காமல் வீட்டை நம்பக்கூடாது என்பதால் நேரே பின்பக்கம் போனேன். பெண்பிள்ளைகள் கக்கூஸில் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. கம்ப்யூட்டர் பள்ளியில் தாழ்ப்பாள் இருந்தது. கம்ப்யூட்டரும் இருந்தது, புதுப்பெண்போல் துணி மூடிக்கொண்டு. துணியை விலக்கக் கூடாதாம். இரண்டு இடத்திலும் நான் ஒரே கேள்விதான் கேட்டேன், எட்டு முடித்த பெண்பிள்ளைகள் எல்லாம் பிறகு எங்கே போனார்கள் என்று. ஒருவர் அது அவரவர் வீட்டுப் பாடு என்றார். இன்னொருவர் அதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இப்போது கரண்ட் இல்லை என்றார். டீ வந்தது. கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

மூன்றாவது, குளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது. எங்கள் வீட்டில் அதை யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. சுற்றுச்சுவர் பாதிதான் இருந்தது. முறைப்படி எதிரே டீக்கடையில் இடம் எப்படி, குணம் எப்படி என்று விசாரித்தேன். கடைக்காரர் தாம்பாளத்தைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார். தங்கமான இடம், குடி கிடையாது, அம்மா மட்டும்தான், வயது முப்பத்திரண்டு, கொஞ்சம் முன்கோபம் என்றார். பள்ளிக்கூடம் கட்டி முப்பத்திரண்டு வருடம், தலைமையாசிரியைதான் அம்மா என்று நான் எடுத்துக்கொண்டேன். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே நாற்காலி போட்டாகிவிட்டது. கணக்கு எடுக்கும் ஜெயசிங் சார் முகம் கழுவி, தலை சீவி, சட்டையைச் சரிசெய்துகொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். பின்னால் தலைமையாசிரியை பிரேமலதா டீச்சர் சிரித்துக்கொண்டு நின்றார். என்ன மரியாதை என்று நான் பூரித்துப்போனேன்.

"பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றார் சார், தரையைப் பார்த்து.

"அஞ்சு முடிச்சிருக்கா."

முகம் கொஞ்சம் வாடியது. "வயசு?"

"பத்து முடிஞ்சு பதினொண்ணு நடக்கு."

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "ஆச்சி, மூணு பேரும் இருந்த இடத்தை விட்டு எந்திரிக்கப்படாது. டீச்சர், கேட்டைப் பூட்டுங்க. சின்னப் பிள்ளைக் கல்யாணத்தைத் தடுக்க 1098-க்குப் போன் போடுதேன்."

மகபூப் பீவி தாம்பாளத்தை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்ததில் வெற்றிலை எல்லாம் கீழே. "ஆறாம் கிளாஸ்ல சேக்க வந்தோம்யா" என்று இசக்கிசெல்வி அழாக்குறையாகச் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது. சாருக்குப் பெண் பேச வந்திருக்கிறோம் என்று டீக்கடைக்காரர் முன்னாலேயே சொல்லி அனுப்பியிருந்தாராம், அந்த முப்பத்திரண்டும் சாரின் வயதாம். டீச்சர் சிரித்த சிரிப்பில் வகுப்பிலிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். சார் மட்டும் சிரிக்காமல் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டார். போன வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை இப்படித்தான் தட்டு எடுத்து வந்து கல்யாணம் பேசிப் படிப்பை நிறுத்தப் பார்த்தார்களாம். இவர் போய் அந்த வீட்டு வாசலில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அவளை மீட்டாராம். இப்போது ஒன்பது முடித்துவிட்டாளாம். என் கேள்வியை அவரிடமும் கேட்டேன். எட்டு முடித்துப்போன பதினாலு பெண்பிள்ளைகளின் பெயரையும், யார் எந்த ஊரில் எந்த வகுப்பு என்பதையும் எழுதி வைத்ததைப் பார்க்காமல் ஒப்பித்தார்.

அண்ணா, முன்பின் பார்க்காத ஒரு பிள்ளைக்காக மூன்று கிழவிகளைப் போலீசில் கொடுக்கத் துணிந்த மனிதர். காபி கொண்டுவரச் சொன்னேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, ஒரு சொட்டு வைக்காமல் குடித்தேன். மறுநாளே துரைப்பாண்டியைக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடவைத்து அனுவைச் சேர்த்தாகிவிட்டது.

மதினிக்கு என் அன்பு. பேரன் பேத்திகள் தீர்க்காயுளோடும் எழுத்தறிவோடும் இருக்க என் ஆசி.

உங்கள் தங்கை,
கோமதியம்மாள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சுமதி வந்து சொல்கிறாள், ஜெயசிங் சாருக்குச் சிவகிரிப் பக்கம் மாறுதல் ஆகிவிட்டதாம், திங்கட்கிழமை கிளம்புகிறாராம். நான் யாரைப் பார்த்துச் சேர்த்தேனோ அவரே இல்லை. வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவோமா என்று கேட்டால் அனு, "சார் போனா என்ன ஆச்சி? அப்பா என்னய எட்டோட நிறுத்துனா நானே புகார் குடுத்துக்கிடுவேன்" என்கிறாள். துரைப்பாண்டி கேட்டுக்கொண்டே தறிக்குப் போய்விட்டான். மேலே வருத்தம் இல்லை என்று எழுதியதை அடித்துவிடவும். எங்களிடம் இருக்கிற உங்கள் படம், நீங்கள் ஆறில் சேர்ந்த அன்று அப்பா ஸ்டுடியோவில் எடுத்தது. இதில் நீங்கள் எங்கே ஆச்சி என்று அனு கேட்கிறாள். உங்கள் புதுச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன் என்று எப்படிச் சொல்ல? இதற்குப் பதிலாக வைக்க, நீங்களும் மதினியுமாக நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பவும்.