மாடியில் செத்து, கீழே பிழைத்த கம்ப்யூட்டர்

கடையில் தயாராக விற்கிற கம்ப்யூட்டரை இனி இந்த வீட்டுக்குள் விடுவதில்லை என்று சாப்பாட்டு மேஜையில் அறிவித்தேன். பாகங்களை வாங்கி என் கையாலேயே பொருத்துவேன். மகள் ஷெல்பி டுலூத் நகரத்துக்குக் குடிபோனதால் காலியான மாடி அறையில் வைப்பேன்.

அந்த அறைமேல் என் மனைவி மார்லிஸுக்கும் ஒரு கண். சர்ச் பெண்களோடு ஒட்டுத்துணிப் போர்வை தைக்க இடம் வேண்டுமாம்.

"சனிக்கிழமைக்குள்ள உன் கம்ப்யூட்டர் அந்த ரூம்ல ஓடினா ரூம் உனக்கு. இல்லேன்னா எனக்கு," என்றாள்.

"சரி," என்றேன். எனக்கென்று கதவுள்ள அறை ஒன்று இதுவரை இருந்ததில்லை. ஏங்கிப்போயிருந்தேன்.

பொருத்தினேன். மாடியில் வைத்தேன். பட்டனை அழுத்தினேன். ஒரு முனகல்கூட இல்லை.

சுவரில் மேலும் கீழுமாக, பக்கத்தில் சுவிட்ச் இல்லாமல், இரண்டு பிளக் துளைகள். கம்ப்யூட்டரின் வயர் மேல் துளையில் இருந்தது. கீழ்த் துளையில் மேஜை விளக்கைச் சொருகிப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. ஆக, சுவர் நிரபராதி. குற்றவாளி பெட்டிக்குள்தான் இருக்கிறான் என்று தீர்ப்பு எழுதினேன்.

கீழே தூக்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் அட்டையை விரித்து, குடலை உருவிப் போட்டேன். ஸ்குரூ டிரைவர் முனையால், பவர் பட்டனின் வயர் சொருகுகிற இரண்டு ஊசிகளைத் தொட்டேன். காற்றாடி சுழன்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி பொருத்தி மாடிக்குத் தூக்கினேன். பிணம்.

மேலே சாவதும் கீழே பிழைப்பதுமாக வாரம் ஓடியது. மேஜையில் இடமில்லாமல், இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஓவனில் வெந்த ஹாட் டிஷ்ஷை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

"நான் ஏதாவது பண்ணட்டுமா, டுவேன்?"

"இது பவர் சப்ளை சமாச்சாரம், மார்லிஸ். உனக்குப் புரியாது."

"சரி. படியேறும்போது குலுங்குதோ என்னமோ."

"அதையேதான் நானும் நெனச்சேன்."

"அதைவிட நீ அதிகமாக் குலுங்கற. இடுப்புக்கு ஐஸ் வெக்கட்டுமா?"

சனிக்கிழமை மத்தியானம் தோல்வியை ஒப்புக்கொண்டேன். கம்ப்யூட்டரை பேஸ்மென்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் குடிவைத்தேன். அங்கே ஓடியது. கொஞ்ச நேரத்தில் மாடியில் தையல் மெஷின் கடகடக்கும் சத்தம் கேட்டது. ஏறிப்போய்ப் பார்த்தேன். அதன் வயர் அதே மேல் துளையில் இருந்தது.

"இதுல கரண்டு வருதா?"

"வருமே. கதவுகிட்ட இருக்கிற சுவிட்சைப் போட்டா மேல் துளைக்கு வரும். ஷெல்பியோட விளக்கு அதுலதானே எரிஞ்சுது."

"அப்ப வாரம் பூரா அதை அணைச்சு வெச்சது யாரு?"

அவள் நிமிரவில்லை. துணியை நேராக்கிக்கொண்டாள்.

"ரூமை விட்டு வெளிய வந்தா சுவிட்சை அணைக்கணும்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றியே, டுவேன். இந்த வாரந்தான் எனக்கு அது பழக்கமாச்சு."