சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸை அவிழ்க்கச் சொல்லி மச்சானுக்கு

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் சின்னையா அவர்களுக்கு, மருங்காபுரி மதுரைவீரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கை பொன்னுத்தாயும், மருமகள் அனுசுயாவும், ஆடுகளும் சுகம். ஸ்ரீரங்கத்தில் உங்கள் டீக்கடையும் அக்காவின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன? எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பொன்னுத்தாய் எழுதுகிறாள்.

உங்க போன் ஏன் அணைஞ்சு கெடக்குன்னு எனக்குத் தெரியும் மச்சான். காரணம் நாந்தான். மொதல்லேருந்து சொன்னாத்தான் தப்பு கொஞ்சம் கம்மியாத் தெரியும், பொறுமையாப் படிங்க.

அனுசுயா பி.காம் முடிச்சிட்டு வேலை தேடுதுல்ல, அதுக்குன்னே செல்போனுக்குள்ள ஒரு ஊரு இருக்கு. அங்க எல்லாரும் கோட்டுப் போட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. இந்த வெயில்ல எப்படித்தான் நிக்கிறாங்களோ. தெனம் யாருக்காச்சும் வேலை கெடைக்குது. நம்ம புள்ள விடிஞ்சதும் ஒவ்வொருத்தருக்கா வாழ்த்து எழுதும். எழுதிட்டு, போனைக் கவுத்து வச்சிட்டுச் சும்மா உக்காந்திருக்கும். எனக்குத்தான் தாங்கல. தன் போட்டோவைச் சுத்தி இங்கிலீஷ் எழுத்தோட பச்சையா ஒரு வளையம் போட்டிருக்கு. வேலை தேடுறவங்க போடுறதாம். "தெரியாதவங்களும் என்னைப் பாக்கணும்ப்பா, நாலு பேருக்குக் காட்டுங்க"ன்னுச்சு. போன்ல காட்டுனா கட்டைவிரலால தள்ளிட்டுப் போயிடுறானுங்க. சத்திரத்துல பஸ்ஸுக்கு நிக்கிறவன் எங்க தள்ளுவான்? பஸ் வர்ற வரைக்கும் பாத்துத்தானே ஆகணும்?

மலைக்கோட்டைக்குக் கீழ ஃப்ளெக்ஸ் அடிக்கிற பரக்கத் அலி பாய்கிட்டப் போனேன். போட்டோவைப் பாத்ததும் டீ வாங்கிக் குடுத்தாரு. உங்க டீ மாதிரி இல்ல, வெறும் சுடுதண்ணி. "படிச்ச புள்ளயா அண்ணே?"ன்னு தணிஞ்ச குரல்ல கேட்டாரு. "பி.காம் பாய்." "மனசைத் தேத்திக்குங்க." வேலை கெடைக்காததைத்தான் சொல்றாருன்னு, "பழகிடுச்சு பாய்"ன்னேன். அப்படியே என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. நல்ல மனுசன்! பொறந்த தேதி கேட்டு இடது பக்கம் போட்டாரு. வலது பக்கம் மொட்டையாக் கெடந்துச்சு. "அந்த இன்னொரு தேதி?"ன்னாரு. காலேஜ் முடிச்ச தேதியச் சொன்னேன். வேற எதுவும் எழுத வேணாம், வளையத்துலயே இங்கிலீஷ்ல இருக்குன்னுட்டேன். கீழ நீங்களும் நானும் பங்காளிகளும் கும்பிட்டபடி வரிசையா நிக்கிறோம். என் போனுக்குக் காட்டுக்குள்ள சிக்னல் எடுக்காதுல்ல, அதான் உங்க நம்பரைப் போடச் சொன்னேன்.

நேத்து கண்டக்டர் ஜூட் சொல்லித்தான் வெவரமே தெரியும். "என்னண்ணே, உங்க மச்சான் கடையில மாலையோட ஆளுங்க நிக்கிறாங்க. எப்ப எடுக்குறீங்கன்னு போன் மேல போனு. மனுசன் போனையே அணைச்சுட்டாரு!"

நாளைக்கு அனுசுயா திருச்சிக்கு வருது, அதான் இந்தக் கடுதாசிய ஜூட் கையிலயே குடுத்தனுப்புறேன். அது கண்ணுல படுறதுக்குள்ள அதை அவுத்துடுங்க மச்சான். போனைப் போடவே போடாதீங்க, சிம்மை மாத்தினாலும் சரி. புள்ளைக்குத் தெரிஞ்சா என்னைய அப்பான்னே கூப்பிடாது. அக்காவுக்கு என் கும்பிடு. ரெங்கநாதர் உங்க கடையில நல்ல யாவாரத்த... இருங்க, பக்கத்துக் காட்டுக் கலையரசன் கத்துறான், ஆடு அவன் கடலைக்குள்ள பூந்துருச்சாம். அவுக்கும்போது அந்த வளையத்த மட்டும் கிழிக்காம

பின்குறிப்பு: அண்ணே, நான் பொன்னுத்தாய். அவரு ஆட்டுக்குப் பின்னால ஓடிட்டாரு. அவரு சொன்னது எதையும் செய்யாதீங்க. அனுசுயா போன வாரமே அதைப் பாத்துட்டு, அது முன்னாடியே நின்னு போட்டோ எடுத்து, "உயிரோடதான் இருக்கேன், வேலைதான் இல்ல. எங்கப்பா வச்ச ஃப்ளெக்ஸ் இது"ன்னு அந்தக் கோட்டுக்காரங்க ஊருல போட்டிருச்சு. இப்ப ஊரே அதுக்கு வாழ்த்து எழுதுது. அவருகிட்ட இன்னும் சொல்லல, கொஞ்சம் பயந்து கெடக்கட்டும். கரூர் பைபாஸ்ல ஒரு கம்பெனிக்காரங்க வேலை தர்றோம்னாங்க. ஆனா புள்ளையப் பத்தி, கும்பிட்டு நிக்கிற அந்த மாமாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமாம். தெனம் கூப்பிடுறாங்க. போனைப் போடுங்கண்ணே. யாரு கூப்பிட்டாலும் மொதல்ல "அழாதீங்க, புள்ள நல்லாருக்கு"ன்னு சொல்லிருங்க. அப்புறம், நல்லாக் கணக்குப் போடும்னு சொல்லுங்க.