மெதுவாக ஓடும் மீட்டர்

ஒன்றும் தெரியாதவன் நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொள்வான். முழுக்கத் தெரிந்தவனுக்குக் கேட்கிற வேலையே இல்லை. இவர்கள் ரெண்டு பேராலும் உலகத்துக்கு ஒரு கெடுதலும் கிடையாது. நடுவில் பாதி தெரிந்தவன் என்று ஒருத்தன் இருக்கிறான் பாருங்கள், அவனால்தான் தெருவில் கரண்ட் போகிறது.

பிள்ளைகளா, நம் குடும்பத்தில் அந்த நடுவாள் நான்தான்.

இன்றைக்கு நம் மாவுக் கடையில் சுவிட்சைத் தட்டினால் கிரைண்டர் சுற்றுகிறது. நீங்கள் பார்த்து வளர்ந்தது இதைத்தான். நான் கடை ஆரம்பித்த கதை உங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், அதுவும் உங்கள் அம்மா சொன்ன துண்டுகள். (அவ சொல்றதுல பொய் இல்ல. ஆனா சிரிச்சிக்கிட்டே சொல்றதால பாதி புரியாது.)

அப்போது நான் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு இட்லி மாவுக் கடை வைக்கப்போகிறேன் என்று சொன்னதும், உங்கள் தாத்தா, அதாவது உங்கள் அம்மாவைப் பெற்றவர், சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவினார். மில் மூடினபோது வேலை போய்த் தவித்த மனிதர் அவர். மாதச் சம்பளத்தைத் தானாகவே வேண்டாம் என்று தள்ளுகிறவனை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. இருந்தாலும் மகள் முகத்துக்காக முதல் ஆர்டரை அவர்தான் கொடுத்தார். நம் ஊர்க் கதிர்காமத்தில் உங்கள் பெரிய மாமா வீட்டுக் காதுகுத்து. காலைப் பந்திக்கு இட்லி. மாவு மொத்தமும் நம் கடையிலிருந்து.

"மாப்ள, நம்ம சனம் அத்தினி பேரும் வருவாங்க. நீங்க கடை வைக்கலாமா, கம்பெனிக்கே திரும்பிப் போவலாமான்னு அன்னைக்குத் தெரிஞ்சிடும்" என்றார்.

கடைக்கு இடம் குருசுக்குப்பம் போகிற வழியில், ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்ப்பகுதி. வீட்டுக்காரம்மா மாடியில் குடியிருப்பவர். ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி பிரான்சில் மகள் வீட்டில் இருப்பார். தெருவே அவரை மதாம் என்றுதான் கூப்பிடும். போனில் எல்லாம் தெளிவாகச் சொன்னார்.

"மாடிப்படிக்குக் கீழ ரெண்டு மீட்டர் இருக்கும் தம்பி. பெருசு கடைக்கு. த்ரீ ஃபேஸ். சின்னது என் வீட்டோடது. பெருசுலேர்ந்து லைன் எடுத்துக்குங்க, என்ன?"

இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன சொல்ல முடியும்? ஆனால் நான் யார்? பாதி தெரிந்தவன். மாவு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த ரெண்டு மீட்டருக்கும் எதிரே உட்கார்ந்துவிட்டேன். பெரிய மீட்டரில் இருந்த சிவப்பு லைட் கண்ணில் தூசி விழுந்தவன் மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டது. சின்ன மீட்டரில் இருந்தது, சாப்பிட்டுவிட்டுப் படுத்த பூனை எப்போதாவது கண்ணைத் திறந்து பார்க்குமே, அந்த மாதிரி ஒரு தடவை மின்னிவிட்டுத் தூங்கிப்போனது.

எனக்குப் பொறி தட்டியது. ஆட்டோவில் சூடு வைத்த மீட்டர் என்று சொல்வார்கள் இல்லையா, பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் திண்டிவனம் போன காசு காட்டுமே, அதுதான் இந்தப் பெரிசு! நல்ல மீட்டரை மதாம் தனக்கு வைத்துக்கொண்டு, தின்னி மீட்டரை என் தலையில் கட்டப் பார்க்கிறார்!

(இப்ப எழுதும்போதே காது சூடாவுது. ஆனா அன்னைக்கு என் புத்தியை நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.)

வயரிங் செய்ய வந்தவர் உங்கள் முருகன் மாமா. உங்கள் அம்மாவின் தம்பி. கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட் கட்டுகிறவர். லைட்டில் மயில் தோகை விரிக்க வைப்பார், தாமரை மலர வைப்பார். கடைக்கு லைன் இழுத்ததில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மாமா, பெருசுலேர்ந்துதானே எடுக்கச் சொன்னாங்க?"

"முருகா, இங்க வந்து உக்காரு. ரெண்டையும் பாரு. எது வேகமா ஓடுது?"

பார்த்தார். வாயைப் பிளந்தார். "ஆமா மாமா! பெருசு பிச்சிக்கிட்டுப் போவுதே!"

"கடைக்கு எது நல்லது?"

"சின்னதுதான் மாமா. செம மூளை மாமா உனக்கு."

என்னை இதுவரை மூளைக்காரன் என்று சொன்ன ஒரே ஆள் முருகன் மாமாதான். அதுவும் அன்றைக்கு மட்டும்தான். சின்ன மீட்டரின் மெயினிலிருந்து வயரை இழுத்தோம். ஒரு கிரைண்டரைப் போட்டுப் பார்த்தோம். சுற்றியது. நாலு நாள் சில்லறை வியாபாரமும் நடந்தது. நான் தினமும் மீட்டரைப் போய்ப் பார்ப்பேன். இப்போது அதுவும் கொஞ்சம் வேகமாகத்தான் சிமிட்டியது. புது இடம், பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். (மீட்டருக்கு!)

காதுகுத்துக்கு முந்தின நாள் மதியம். ஊறின அரிசி அண்டா அண்டாவாக நிற்கிறது. சாயங்காலத்துக்குள் அரைத்து முடித்தால்தான் விடிவதற்குள் மாவு பொங்கும். ரெண்டு பெரிய கிரைண்டரையும் முதல் தடவையாக ஒன்றாகப் போட்டேன். பக்கத்தில் ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. உங்கள் அம்மா உளுந்து தள்ள, நான் தண்ணீர் விட, முருகன் மாமா கல்லாவில் உட்கார்ந்து விசிறிக்கொள்ள, எனக்கு ஒரு மில் முதலாளியாகவே ஆகிவிட்ட நினைப்பு.

வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. பெரிய பெட்டி, சின்ன பெட்டி, மதாம். கையைக் காட்டிச் சிரித்துவிட்டு மாடிக்குப் போனார். நானும் சிரித்தேன். மேலே கதவு திறந்தது, ஜன்னல் திறந்தது, ஏசி போட்ட சத்தம் கேட்டது. அப்புறம் மதாம் குளிக்கப் போய் ஹீட்டரைப் போட்டிருக்கிறார்.

டப்!

கிரைண்டர் நின்றது. ஃப்ரீசர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் மதாம் நின்றார். தலை நிறைய ஷாம்பு நுரை, தோளில் துண்டு.

"என் கரண்ட்ட யாருப்பா நிறுத்தினது?"

"உங்க கரண்ட் இல்ல மதாம், என் கரண்ட்டுதான் போச்சு" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

முருகன் மாமா பறந்து போய் ஃபியூசைப் பிடுங்கிப் பார்த்தார். "கம்பி மெல்லிசு மாமா. அதான் தாங்கல. நான் தேர் லைட்டுக்குப் போடற மாதிரி மொத்தமாக் கட்டிடறேன்" என்றார். கட்டினார். சுவிட்சைப் போட்டோம். இந்தத் தடவை ஃபியூஸ் போகவில்லை. அதற்குப் பதிலாக ரெண்டு மீட்டரும் இருந்த பலகையே புகைந்தது. ரப்பர் கருகுகிற நாற்றத்தில் தெரு திரண்டுவிட்டது.

லைன்மேன் வந்தார். வெளியில் கட்டடத்துக்கு வருகிற லைனையே கழற்றினார்.

"பலகையை மாத்தி, வயரை மாத்திட்டு, நாளைக்கு வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் ரெண்டு மீட்டருக்கும் கரண்ட் கிடையாது. ஏங்க, கடைக்குன்னு அவ்ளோ பெரிய மீட்டரு சும்மா நிக்குது. வீட்டு மீட்டர்ல எதுக்கு எடுத்தீங்க?"

தெரு மொத்தமும் என் வாயைப் பார்த்தது. பொய் சொல்லியிருக்கலாம். பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"இதுதான் சார் மெதுவா ஓடுச்சு."

மதாம் தலையிலிருந்து நுரை ஒன்று சொட்டியது.

"தம்பி," என்றார் மதாம், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி, "நான்தான் ஊர்லயே இல்லயே. ஆளில்லாத வீட்டுல அது யாருக்காகப்பா ஓடும்?"

"அப்ப பெருசு...?"

"அதுலதான் தானா ஓடுற தண்ணி மோட்டர் இருக்கு. நீ பாத்தப்போ டேங்கு ரொம்பிக்கிட்டு இருந்திருக்கும்."

தெரு சிரித்த சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும். உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உளுந்து ஒட்டின கையோடு அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் அண்டாவைப் பார்த்தாள். அண்டாமேல் நம்பிக்கை அதிகம் என்று முடிவு செய்த மாதிரி இருந்தது.

"நாளைக்கு எங்கப்பா முன்னாடி நிக்கப்போறது நீங்க இல்ல, நான்" என்றாள். "தூக்குங்க வாளிய."

அன்று சாயங்காலம் நம் தெருவில் கிரைண்டர் ஓடாத வீடே இல்லை. வாளி வாளியாக அரிசியும் உளுந்தும் வீடு வீடாகப் போயிற்று. நானும் முருகன் மாமாவும் சுமந்தோம். மதாம் எதிர் வீட்டில் தலையை அலசிக்கொண்டு, அந்த வீட்டு மாவையும் நின்று பார்த்துக்கொண்டார். எல்லோரும் மனசார அரைத்துக் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கை, ஒரு உப்பு. ஒருத்தர் வெந்தயம் போட்டார். ஒருத்தர் ரவை பதத்தில் நிறுத்தினார். ஒரு வீட்டில் பழைய சோற்றையும் சேர்த்து அரைத்தார்கள், பூப்போல வரும் என்று.

காலையில் பந்தி நடந்தது. முதல் வரிசைக்கு மல்லிகைப்பூ. ரெண்டாவது வரிசைக்குக் கருங்கல். மூணாவது வரிசையில் இட்லி சப்பையாகிவிட, தோசையா இட்லியா என்று கேட்டார்கள். ஒரே இலையில் ஒன்று உப்பு, ஒன்று சப்பு. பக்கத்து இலையை எட்டிப் பார்த்து, "உனக்கு நல்லது வந்திருக்கு, ஒண்ணு மாத்திக்க" என்று பேரம் வேறு. உங்கள் தாத்தா கருங்கல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு விள்ளல் எடுத்தார். சாம்பாரில் ஊறவிட்டார். காத்திருந்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, கம்பெனியில உங்க எடம் இன்னும் காலியாத்தான் இருக்காம். கேட்டுட்டேன்."

நான் போகவில்லை. மதாம் என்னைக் காலி செய்யச் சொல்லாததுதான் காரணம். தானே நின்று பலகையை மாற்றவைத்து, வேறு ஆளை வைத்துப் பெரிய மீட்டரிலிருந்து எனக்கு லைன் கொடுக்கவைத்தார். கடை பிழைத்தது. நீங்கள் படிப்பதும் அதில்தான். ஆனால் உங்கள் அம்மா பிறந்த வீட்டில் நான் இன்னும் அந்த மீட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் உங்கள் பெரிய மாமா மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள் இல்லையா, நீங்கள் பரீட்சை என்று வரவில்லை. தரகர் பையனைப் புகழ்ந்தார். "ரொம்ப அமைதிங்க. வாயே தெறக்க மாட்டாரு. அதிர்ந்து ஒரு வார்த்தை கிடையாது."

உங்கள் தாத்தா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, உங்களுக்குத்தான் அனுபவம். பையன் மெதுவா ஓடுறாரா, இல்ல உள்ள ஆளே இல்லையா? பாத்துச் சொல்லுங்க."

நம் பக்கம் கூடம் அதிர்ந்தது. அவர்கள் பக்கம் முகம் சுருங்கியது. வேறு வழியில்லாமல் கதை முழுவதையும் நானே சொல்லவேண்டியதாகிவிட்டது. ஷாம்பு நுரை இடத்துக்கு வந்ததும் அந்தப் பையனுக்குக் காப்பி புரையேறி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"ஆள் இருக்கு" என்றார் தாத்தா. தட்டை மாற்றிவிட்டார்கள்.

கல்யாணம் தை மாதம். இட்லி மாவுக்கு மட்டும் வேறு யாரிடமோ சொல்லியிருக்கிறார்களாம்.